மஞ்சள் பையும் குழாய்ச் சின்னமும்

கள்ளக்குறிச்சி,
8.2.2022

வெள்ளச்சிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

நேற்று மதியம் மூன்று மணிவரை நகராட்சி அலுவலக வாசலில் நின்றேன். வேப்பமரத்து நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். வெள்ளிமலை பஸ் பதினொன்றுக்கே வந்துவிட்டது. அதில் நீ இல்லை. டிரைவர் சின்னராசுதான் நம் தையல் கடைக்கு வந்து உன் மஞ்சள் பையை நீட்டினார். "அவங்க வரலம்மா, பையத்தான் குடுத்தனுப்பினாங்க" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கிற நிலையில் இல்லை. பையை வாங்கிப் பரண்மேல் எறிந்துவிட்டு ஓடினேன், நீ வேறு வண்டி பிடித்து நேராக அலுவலகத்துக்கு வந்திருப்பாயோ என்ற நப்பாசையில்.

எதற்கு உன்னையும் கவுன்சிலர் தேர்தலுக்கு மனு போட வைத்தேன்? ஏதாவது நொட்டை சொல்லி என் மனுவைத் தள்ளிவிட்டால், தெருவுக்காக நிற்க இன்னொரு ஆள் வேண்டும் என்றுதானே. என் மனுவை ஏற்றுக்கொண்டதும் நீ வந்து வாபஸ் வாங்க வேண்டும். செய்ய வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. அதற்கு உன்னால் மலை இறங்க முடியவில்லை.

மூன்று மணிக்குமேல் சின்னம் ஒதுக்கினார்கள். உன் மனுவையும் நானேதானே நிரப்பினேன், புத்திசாலி மாதிரி இரண்டிலும் முதல் விருப்பமாகத் தண்ணீர்க் குழாய் என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் கேட்டதால் குலுக்கல் போட்டார்கள். குழாய் உனக்கு விழுந்தது. எனக்குச் சீப்பு.

ஆறு வருடமாக இந்தத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் கேட்டு மனு மேல் மனு கொடுத்தவள் நான். இப்போது நான் சீப்பு, நீ குழாய், எதிரே அரங்கநாதனின் மனைவி ஷாலினி. அரங்கநாதன் தண்ணீர் லாரி ஓட்டிச் சம்பாதிக்கிறவர். அந்த அம்மாள் ஜெயித்தால் இந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வருமா?

நீ அரங்கநாதனிடம் விலைபோய்விட்டாய் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. இனி நீ கடைக்கு வர வேண்டாம்.

வளர்மதி

வெள்ளிமலைக்கு மேலே,
10.2.2022

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு எழுதக் கை வருகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

நான் மனு போட்ட மறுநாள் அப்பா புளியமரத்திலிருந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் பஸ் ஏற்றி விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலுக்குக் கட்டுப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மாவும் இல்லை, என் வீட்டுக்காரர் முனியன் ஓசூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அப்பாவை அப்படியே போட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உங்களை நான் கைவிடவில்லை. மனு கொடுத்த அன்று அலுவலகத்தில் அந்தக் கண்ணாடி போட்ட அம்மாள் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "வேட்பாளரு வர முடியலன்னா முன்மொழிஞ்சவங்க கொண்டாந்து குடுக்கலாம். ஆனா எழுதிக் குடுத்துடணும்." வாபஸ் படிவம் என்னிடம்தான் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டேன். என்னை முன்மொழிந்த ஹப்சா அக்கா எனக்குப் பதில் கொடுப்பார் என்று தனியாக எழுதி அதிலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் கவரில் சுற்றி, மஞ்சள் பையில் சாமைக்குமேல் வைத்து, சின்னராசு அண்ணனிடம் கொடுத்தேன்.

எங்கள் மலையில் தபால், மருந்து, விதை எல்லாம் அந்தப் பஸ்ஸில்தான் போகும், வரும். பை வந்தால் கொண்டுவந்தவர் நிற்கும்போதே கொட்டிக்கொண்டு, வேறு எதையாவது உள்ளே போட்டு அவரிடமே திருப்பி அனுப்புவோம். வெறும் பையை அனுப்ப மாட்டோம். நான் உங்கள் கடையில் தைக்க வந்த இந்த எட்டு வருடமாக, அப்பா அனுப்பும் பையை நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். போன முறை வர்க்கி பிஸ்கட் போட்டு அனுப்பினீர்கள். அந்தத் தைரியத்தில்தான் அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் சின்னராசு அண்ணன் வெறுங்கையோடு வந்தார். பை எங்கே என்று கேட்டேன். "வாங்கி மேல போட்டாங்க. காயிதம் கீதுன்னு சொல்றதுக்குள்ள போய்ட்டாங்க" என்றார். உடனே டவர் கிடைக்கிற இடம்வரை நடந்துபோய் உங்களுக்குப் போன் செய்தேன். நான்கு முறையும் கட் செய்தீர்கள்.

பரணில் பாருங்கள் அக்கா.

வெள்ளச்சி

கள்ளக்குறிச்சி,
12.2.2022

வெள்ளச்சிக்கு,

பை இருக்கிறது. சாமை நன்றாக இருக்கிறது. மற்றதைப் பேச இப்போது நேரமில்லை.

ஓட்டுக்கு இன்னும் ஏழு நாள். ஷாலினி தரப்பில் வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுக்கிறார்கள். குடத்தை வாங்கிக்கொண்டு ஜனங்கள் கேட்கிற கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. திருப்பதி போய் மொட்டை போட்டு வந்த ஒரு பெரியவர் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு இன்னாத்துக்கும்மா சீப்பு?" என்கிறார். உனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. ஒரு நோட்டீஸ்கூட அடிக்காமல் மலையில் உட்கார்ந்திருக்கிறாய். தெருவில் காய்ந்துபோய் நிற்கிற எல்லாக் குழாயும் உனக்குப் பிரசாரம் செய்கிறது. "அதான் குழாயே நிக்குதே, அதுக்கே போட்டுடலாம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்.

ஹப்சாவும் அவள் வீட்டுக்காரர் சர்புதீனும் அவர்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீ நிஜமாக நிற்கவில்லை என்று சொல்லிப் பார்க்கிறார்கள். யாரும் நம்பவில்லை. குழாய்க்குப் போட வேண்டாம் என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதை நகல் எடுத்து வீடு வீடாகக் கொடுக்கிறேன்.

பையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வளர்மதி

வெள்ளிமலைக்கு மேலே,
14.2.2022

அக்காவுக்கு,

பை வந்தது. வெறும் பை. உதறிக்கூடப் பார்த்தேன்.

பையில் காகிதம் இருந்ததா என்று நான் கேட்டேன். சாமை நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். சாமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதை விளைவித்ததே நாங்கள்தான்.

நீங்கள் கேட்டதைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புவரை படித்த கையெழுத்து. தப்பு இருந்தால் திருத்தாமல் அப்படியே கொடுங்கள், அப்போதுதான் நான் எழுதியது என்று நம்புவார்கள்.

"நம் தெருவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். மெஷினில் என் பெயரும் இருக்கும், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும். அதை அமுக்காதீர்கள். குழாய்க்கு ஓட்டுப் போட்டால் குழாயில் தண்ணீர் வராது. சீப்புக்குப் போட்டால்தான் வரும். இப்படிக்கு, குழாய்ச் சின்னத்தில் நிற்கும் வெள்ளச்சி."

ஊரில் யாராவது தனக்கு ஓட்டுப் போடாதே என்று எழுதியிருப்பார்களா? நான் எழுதிவிட்டேன். அப்பா படித்துப் பார்த்துச் சிரித்தார். கால் ஒடிந்த பிறகு அவர் சிரித்தது இப்போதுதான்.

சின்னராசு அண்ணன் சொன்னார், தெருவில் இன்னும் என்னை அரங்கநாதன் ஆள் என்றுதான் பேசுகிறார்களாம். மலையில் எனக்கு மாடி வீடு கட்டித் தருகிறாராம். இங்கே மழை வந்தால் எங்கள் கூரையில் ஏழு இடத்தில் ஒழுகுகிறது. அதையாவது அவர் பார்த்துச் சரி செய்தால் நன்றாக இருக்கும்.

இப்போதாவது அது பொய் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களா அக்கா? சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

இதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஓட்டுப் போடவும் வர மாட்டேன்.

வெள்ளச்சி

கள்ளக்குறிச்சி,
20.2.2022

அன்புள்ள வெள்ளச்சிக்கு,

நீ நேற்று வந்தாயாமே. மதியம் வரிசையில் நின்றாய், ஓட்டுப் போட்டாய், பேசாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாய் என்று ஹப்சா சொன்னாள். "இன்னா வெள்ளச்சி, அக்காவப் பாக்கலியான்னு கேட்டேன். அப்பாவப் பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்துக்கிறேன், போவணும்னுது. மூஞ்சே சரியில்ல" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பக்கம் நூறு மீட்டர் தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். நீ பார்த்திருப்பாய்.

நாளை மறுநாள் எண்ணுகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் தேர்தல் மட்டும் இல்லை. உன்னிடம் சொல்லாமல் அந்த முடிவைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

காகிதம் இருந்தது, வெள்ளச்சி. கவரில் சுற்றி, சாமைக்குமேல், நீ எழுதிய மாதிரியே இருந்தது. உன் கடிதம் வந்த அன்றுதான் பரணில் ஏறி எடுத்தேன். சின்னராசு பையைக் கொடுக்கும்போது மணி பதினொன்றேகால். ஹப்சா வீடு கூப்பிடு தூரம். ஷேர் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் அலுவலகம். மூன்று மணிவரை நேரம் இருந்தது. எட்டு வருடமாக வந்த பையையெல்லாம் வாசலிலேயே கொட்டினவள், அன்று ஒரு நாள் கோபத்தில் பிரித்துப் பார்க்கவில்லை. நீ கெடுக்கவில்லை, நான்தான் கெடுத்தேன்.

அதை ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். வெட்கம்தான். அதோடு பயமும். ஒரு பையைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவள் வார்டை எப்படிப் பார்ப்பாள் என்று ஷாலினி தரப்பில் மைக் கட்டிக் கேட்பார்களே என்று பயந்தேன். அதனால் உன்னைப் பற்றிப் பேசினதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். இது எனக்குத் தெரிந்து நான் செய்த மிகக் கேவலமான காரியம்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

வெள்ளிமலைக்கு மேலே,
21.2.2022

அக்காவுக்கு,

சின்னராசு அண்ணன் வண்டியைத் திருப்புவதற்குள் எழுதுகிறேன்.

பையைத் திறக்காததற்கு நான் கோபப்படவில்லை. நீங்கள் கோபக்காரி என்று எனக்குத் தெரியும். என் முதல் மாதத்தில் ஜாக்கெட் கை மாறித் தைத்ததற்குக் கத்தரிக்கோலைத் தரையில் அடித்தீர்கள், சாயங்காலம் நீங்களே பிரித்துத் தைத்தும் கொடுத்தீர்கள்.

ஆனால் எட்டு நாள், அக்கா. பன்னிரண்டாம் தேதியிலிருந்து இருபதாம் தேதிவரை நான் விலைபோகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தெருவைப் பேச விட்டீர்கள். நேற்று முன்தினம் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சேலையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். எட்டு வருடம் அவளுக்குத் தைத்துக் கொடுத்தவள் நான்.

பிறகு ஏன் வந்தேன் என்று கேட்டால், என் கோபம் உங்கள்மேல்தான், தண்ணீர்மேல் இல்லை. நானும் அந்தத் தெருவில்தான் குடம் தூக்குகிறேன். யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஜெயித்தாலும் தோற்றாலும் தெருவில் நின்று அந்தப் பையைப் பற்றிச் சொல்லுங்கள். என் காதில் சொன்னது போதாது. அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.

வெள்ளச்சி

கள்ளக்குறிச்சி,
23.2.2022

என் அன்புள்ள வெள்ளச்சி,

ஜெயித்துவிட்டோம்!

ஐந்நூற்று ஏழு சீப்பு. ஐந்நூற்று ஆறு ஷாலினி. முப்பத்தெட்டு உன் குழாய். ஒரே ஒரு ஓட்டு, வெள்ளச்சி. அரங்கநாதன் மேசையைத் தட்டி மறுபடி எண்ணச் சொன்னார். மெஷினை மறுபடி அமுக்கினார்கள், அதே எண்தான் வந்தது. சர்புதீன் பாய் நாற்காலி இழுத்துப் போட்டார். உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதும் குடித்தேன். பதினைந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அப்படியே இறங்கிப் போயிற்று.

தெருவில் மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். உன் கடிதம் இடுப்பில் இருந்தது. நன்றி சொல்வதற்கு முன்னால் பையைப் பற்றிச் சொன்னேன். வெள்ளச்சி வாபஸ் காகிதத்தை நேரத்துக்கு அனுப்பினாள், நான்தான் பிரிக்காமல் பரண்மேல் எறிந்தேன், அவள் யாரிடமும் விலைபோகவில்லை, அது தெரிந்தும் ஓட்டுப் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பட்டாசு கொளுத்த வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எனக்குக் கழுத்து மாலை கனத்தது.

அந்த மொட்டைத் தாத்தாதான் முதலில் வாய் திறந்தார். "பையத் தொறந்து பாக்காத கவுன்சிலரு, இனிமேட்டு எங்க மனுவயாச்சும் தொறந்து பாரும்மா" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதேன், எல்லாம் சேர்ந்து வந்தது. வரிசையில் உன்னைவிட்டுத் தள்ளி நின்றாளே, ஹப்சாவும் அதைப் பார்த்தாளாம், அந்தப் பெண்ணும் ஹப்சா கடைக்கு வந்து, "வெள்ளச்சி எப்போ வரும்? பிளவுஸு ரெண்டு கீது" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது, ஹப்சாவிடமும். இதைத் தெருவில் சொல்லச் சொன்னால் நான் ஊரைவிட்டே போய்விடுவேன்.

ஆறு மாதமாகச் சின்னம் என்றால் குழாய் என்றே மனதில் ஊறிப்போயிருந்தது. கடைச் சுவரில் சாக்பீசால் குழாய் வரைந்து பார்த்தவள்தானே நான். ஓட்டுப் போடும் அட்டை மறைப்புக்குள் போய் நின்றேன். குழாய்ப் படம் கண்ணில் பட்டது. 'அப்பாடா, நம் சின்னம்' என்று கை தானாகப் போய் அமுக்கிவிட்டது. பீப் சத்தம் கேட்ட பிறகுதான் சீப்பு என் கண்ணில் பட்டது. மறுபடி அமுக்கினேன், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயே நின்றேன். "ஆச்சிம்மா, வெளிய வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

வார்டு வேட்பாளர் தன் ஓட்டைத் தனக்கே போடவில்லை. நீ வாங்கின முப்பத்தெட்டில் ஒன்று என்னுடையது. எண்ணி முடிக்கும்வரை நான் எப்படி மூச்சு விட்டேன் என்று எனக்கே தெரியாது.

நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் பெயருக்கே போட்டிருந்தாலும் நியாயம்தான். மார்ச் இரண்டாம் தேதி பதவி ஏற்கிறேன். உன் மெஷினில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முடிந்தால் வா.

நீ கொடுத்தனுப்பிய பை பரணில் ஒன்று இருந்ததே, அதைப் போலவே ஒரு மஞ்சள் பை நானே தைத்திருக்கிறேன். உள்ளே அப்பாவுக்கு லுங்கியும் காலுக்கு எண்ணெயும், உனக்கு வர்க்கியும், ஒரு சீப்பும் இருக்கின்றன. சின்னராசு நிற்கும்போதே கொட்டிப் பார்.

உன் அக்கா

வெள்ளிமலைக்கு மேலே,
25.2.2022

என் அன்புள்ள அக்கா,

சின்னராசு அண்ணன் நிற்கும்போதே கொட்டிவிட்டேன். வர்க்கியில் இரண்டை அவரே எடுத்துக்கொண்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அப்பா, "இன்னாடி ஆச்சி உனுக்கு?" என்று கட்டுப்போட்ட காலோடு எழுந்திருக்கப் பார்த்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் மலை இறங்கி யாரிடம் சொல்லப்போகிறார்? அவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்.

தெருவில் நின்று சொன்னீர்கள் என்று சின்னராசு அண்ணனும் சொன்னார். அவர் கூட்டத்தில் நின்றிருக்கிறார். "அந்தம்மா சொல்ல சொல்ல எனுக்கே ஒரு மாதிரி ஆயிட்சி" என்றார். எனக்கு மனம் லேசாகிவிட்டது. இப்போது நானும் சொல்லிவிடுகிறேன்.

அன்று வரிசையில் நிற்கும்போது உங்கள்மேல் அவ்வளவு கோபம். உள்ளே போனேன். மெஷினில் வெள்ளச்சி என்று அச்சில் இருந்தது. ரேஷன் கார்டில்கூட என் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அங்கே சரியாக இருந்தது. பக்கத்தில் குழாய். ஒரு தரம் நமக்கு நாமே போட்டுக்கொண்டால் என்ன என்று விரல் அங்கே போய் நின்றது. நின்றது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நீங்கள் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினதும், மனுவுக்கு ஸ்டாம்ப் ஒட்டினதும் நினைவுக்கு வந்தது. திட்டிக்கொண்டே சீப்பை அமுக்கினேன்.

அந்த ஒரு ஓட்டு நான்தான். நான் எனக்கே போட்டிருந்தால் ஐந்நூற்று ஆறுக்கு ஐந்நூற்று ஆறு. குலுக்கல் போட்டிருப்பார்கள். குலுக்கலில் உங்களுக்கு என்ன விழும் என்று நாம் பார்த்ததுதானே.

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கோலை ஊன்றி வாசல்வரை நடக்கிறார். பக்கத்து வீட்டில் சோறு தருவார்கள். மார்ச் இரண்டாம் தேதி முதல் பஸ்ஸில் கிளம்பினால் உங்கள் பதவியேற்புக்கு வந்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பஸ் வழியில் கச்சிராயப்பாளையத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யார் கண்டது? அதனால் முந்தின நாளே வருகிறேன். நீங்கள் தைத்த பையில் சாமை கொண்டுவருகிறேன்.

பையைச் சின்னராசு அண்ணனிடம் கொடுக்கப் போவதில்லை. என் மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் வெள்ளச்சி